பாட்டைத் தாளில் ஏற்றுவது எப்படி?



உங்கள் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ பள்ளியில் ரெக்கார்டர் என்னும் குழலைப் பழகும் பிள்ளை ஒன்று இருக்கக்கூடும். பள்ளிவிட்டு வந்ததும் வாசலில் உட்கார்ந்து அது ஊதுகின்ற சத்தத்தைக் கேட்டுக் காதைப் பொத்திக்கொண்ட தாய்மார்களும் உண்டு. அந்தப் பிள்ளையின் முன்னால் ஒரு தாள் கிடக்கும். ஐந்து ஐந்து கோடுகளாக இழுத்து, கோடுகளின் மேலும் இடையிலும் கறுப்புப் புள்ளிகள் வைத்து, புள்ளிகளுக்கு வால் போட்டிருக்கும். மின்கம்பியில் குருவிகள் உட்கார்ந்திருப்பதைப் போல இருக்கிறது என்று என் தாயார் சொல்வார். அதற்குப் பெயர் இசைக்குறிப்பு. ஐந்துகோட்டுக் குறிப்பு என்றும் சொல்வோம்.

இந்தத் தாள் எப்படி அச்சாகிறது, இதை நாமே வீட்டுக் கணினியில் அச்சிட முடியுமா என்பதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். இது பட்டணத்துக்காரர் விஷயம், நமக்கென்ன என்று வானொலியை நிறுத்திவிட வேண்டாம். தோட்டங்கள் கைமாறின, லயங்கள் இடிபட்டன, ஒரே பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்த குடும்பங்கள் பத்து ஊருக்குச் சிதறிப் போயின. நடவும் பால்மரமும் பார்த்துக்கொண்டே அந்தக் குடும்பங்கள் பாடிய பாட்டுகள் எந்த நூலிலும் இல்லை. பாடியவர்களோடு அவையும் போய்க்கொண்டிருக்கின்றன. அதனால்தான் இந்தப் பேச்சு.

முதலில் ஒரு சிறிய கதை.

எழுத்தை அச்சிடுவதைவிட இசையை அச்சிடுவது கடினம். எழுத்து ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நிற்கும். சுரமோ கோட்டின் மேலே ஏறும், கீழே இறங்கும், இரண்டு மூன்று சுரங்கள் ஒன்றன் தலையில் ஒன்று உட்காரும், அவற்றின் மேல் வளைகோடு ஒன்று ஓடும். இத்தாலி நாட்டில் வெனிஸ் நகரத்தில் ஒட்டாவியானோ பெட்ருச்சி என்பவர் 1501ஆம் ஆண்டில் பலகுரல் பாடல்களை ஈய எழுத்துக் கோத்து அச்சிட்டார். அதற்கு ஒரே தாளைப் பலமுறை அச்சேற்ற வேண்டியிருந்தது. கோடுகள் ஒரு முறை, சுரங்கள் ஒரு முறை, பாட்டின் சொற்கள் ஒரு முறை. தாள் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் 'ச' என்பது 'ரி' ஆகிவிடும். பிற்காலத்தில் உலோகத் தகட்டில் கோடுகளைக் கீறி, சுரங்களை உளியால் அடித்துச் செதுக்கினார்கள். அதையும் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலமாக மாற்றிச் செதுக்க வேண்டும். ஒரு பக்கம் செதுக்கவே தேர்ந்த கைக்குப் பல மணி நேரம் பிடிக்கும்.

ஜெர்மனியில் அலோய்ஸ் செனஃபெல்டர் என்று ஒரு நாடக ஆசிரியர் இருந்தார். தம் நாடகங்களை மலிவாக அச்சிட வழி தேடிக்கொண்டிருந்த அவர், ஒருநாள் தம் தாயார் சொன்ன சலவைக் கணக்கைத் தாள் கிடைக்காமல் பக்கத்திலிருந்த கல்லில் எழுதினாராம். அதிலிருந்து வளர்ந்ததுதான் கல்லச்சு. அந்த முறையில் அவர் 1796ஆம் ஆண்டிலேயே இசைக்குறிப்புத் தாள்களை அச்சிட்டு விற்றார். சலவைக் கணக்கிலிருந்து சங்கீதம் வந்தது என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

நம்மவர்களும் சும்மா இருக்கவில்லை. சென்னையில் அரசாங்க அலுவலராக இருந்த ஏ. எம். சின்னசாமி முதலியார் என்பவர் 1890களின் தொடக்கத்தில் நம் கருநாடக இசைக் கீர்த்தனங்களை இந்த ஐந்துகோட்டு முறையிலே எழுதி அச்சிட்டு வெளியிட்டார். பிறகு 1904ஆம் ஆண்டில் எட்டயபுரத்திலிருந்து சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி' வெளிவந்தது. தெலுங்கு எழுத்தில் அச்சான பெரிய நூல் அது. சுரத்தை அசைத்துப் பாடும் கமகங்களுக்கும் அதில் தனித்தனி அடையாளங்கள் உண்டு. அந்த இரண்டு நூல்களும் இல்லாமலிருந்தால் எத்தனையோ கீர்த்தனங்களின் பழைய வடிவம் நமக்குத் தெரியாமலே போயிருக்கும்.

இனி கணினிக்கு வருவோம்.

அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லீலண்டு ஸ்மித் என்ற இசைப் பேராசிரியர் 1970களில் கணினியைக் கொண்டு இசைக்குறிப்பு வரையும் முறையை வகுத்தார். அப்போது கணினி என்பது ஓர் அறை நிறைய நிற்கும் இயந்திரம். வீட்டுக்குள் கணினி பரவலாக வந்தது 1980களில்தான். 1983ஆம் ஆண்டில் மிடி என்ற பொதுவழக்கு ஏற்பட்டது. விசைப்பலகை வாத்தியமும் கணினியும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் மொழி என்று அதைச் சொல்லலாம். எந்தக் கட்டையை அழுத்தினோம், எவ்வளவு பலமாக அழுத்தினோம், எப்போது விட்டோம் என்கிற செய்தி மட்டும் கம்பி வழியே போகும். ஓசை போகாது. 1985ஆம் ஆண்டில் வந்த அட்டாரி எஸ்.டி. என்ற வீட்டுக் கணினியில் இந்த மிடிக்கான துளைகள் உடம்பிலேயே அமைந்திருந்தன. ஆகவே இசைக்காரர்கள் அதை விரும்பி வாங்கினார்கள்.

ஆனால் திரையில் அழகாகத் தெரிந்தது தாளில் அழகாக விழவில்லை. அந்நாளைய வீட்டு அச்சுப்பொறி ஊசிகளால் குத்திக் குத்திப் புள்ளி வைக்கும். தாய்மார்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். நெருக்கமாகப் புள்ளி வைத்துக் கோலம் போட்டால் வளைவு வளைவாக வரும். புள்ளியை அகல அகலமாக வைத்தால் வளைவு படிக்கட்டு மாதிரி ஆகிவிடும் அல்லவா? அப்படித்தான் அன்றைய தாள்களில் வளைகோடுகள் எல்லாம் படிக்கட்டாக இருந்தன. 1985ஆம் ஆண்டில் வந்த லேசர் அச்சுப்பொறி ஓர் அங்குலத்தில் 300 புள்ளி வைத்தது. அதே காலத்தில் அடோபி நிறுவனத்தார் 'சொனாட்டா' என்ற பெயரில் இசைக்கென்றே ஓர் எழுத்துருவைச் செய்தார்கள். அதில் சுரத்தலையும் வாலும் புள்ளிகளின் கூட்டமாக இல்லாமல் வளைவின் கணக்காகவே எழுதப்பட்டிருந்தன. ஆகவே எவ்வளவு பெரிதாக்கினாலும் ஓரம் பிசிறடிக்கவில்லை. அதற்குப் பிறகுதான் வீட்டில் அச்சிட்ட தாளும் கடையில் வாங்கிய தாளும் பார்வைக்கு ஒன்றாயின.

அப்புறம் பல மென்பொருள்கள் வந்தன. 1988இல் ஃபினாலே, 1993இல் இங்கிலாந்தின் இரட்டைச் சகோதரர்கள் இருவர் செய்த சிபேலியஸ். இவை விலை கொடுத்து வாங்க வேண்டியவையாக இருந்தன. நமக்கு ஏற்றது மியூஸ்ஸ்கோர் என்ற மென்பொருள். வெர்னர் ஷ்வீர் என்ற ஜெர்மானியர் 2002ஆம் ஆண்டில் தொடங்கியது. அதற்குக் காசில்லை. யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம், அச்சிடலாம், அடுத்தவருக்கும் கொடுக்கலாம். ஒரு எச்சரிக்கை மட்டும் சொல்லிவிடுகிறேன். அதே பெயரில் பிறர் எழுதிய பாட்டுத் தாள்களைச் சந்தா வாங்கிக்கொண்டு தரும் தளமும் ஒன்று உண்டு. மென்பொருளுக்குப் பணம் கேட்கிறார்கள் என்று எண்ணிப் பிள்ளைகள் சிலர் பின்வாங்கி விட்டார்கள். இரண்டும் வேறு வேறு. கைத்தொலைபேசியில் உள்ளது பெரும்பாலும் பார்ப்பதற்கும் கேட்பதற்கும்தான். எழுதுவதற்குக் கணினி வேண்டும். புதுக் கணினி என்பதில்லை. மிகப் பழையதில் 4ஆம் பதிப்பு ஓடாவிட்டால் 3ஆம் பதிப்பைப் போட்டுக்கொள்ளலாம்.

எழுதுவது பிள்ளை விளையாட்டு. கணினியின் விசைப்பலகையில் 'என்' விசையை அழுத்தினால் எழுதும் நிலை வரும். 5 என்ற எண்ணை அழுத்தினால் ஒரு தட்டுச் சுரம், 4 அரைத் தட்டு, 6 இரண்டு தட்டு. பிறகு சி, டி, இ என்று தட்டிக்கொண்டே போனால் ச, ரி, க என்று வரிசையாக வந்து உட்காரும். கீழே பாட்டின் சொற்களைத் தமிழிலேயே இடலாம். தமிழைக் கணினியில் ஏற்ற நம் நாட்டிலேயே முத்து நெடுமாறன் 1985இல் 'முரசு' மென்பொருளை உருவாக்கினார் என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். ஆனால் பழைய நாளில் ஒவ்வொரு எழுத்துருவும் ஒவ்வொரு கணக்கில் இருந்ததால், ஒரு கணினியில் தமிழாக இருந்தது இன்னொன்றில் கொக்கும் குச்சியுமாகத் தெரியும். இன்று யூனிகோடு என்ற பொது முறை இருப்பதால் அந்தத் தொல்லை இல்லை. சொல்லைச் சுரத்துக்குச் சுரம் பிரிக்கும்போது மட்டும் கவனம் தேவை. 'கண்மணி' என்றால் கண், ம, ணி என்று மூன்றாகப் பிரியும். மெய்யெழுத்து ஒரு சுரத்தின் கீழே தனியாக நிற்காது, முன்னெழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். இலக்கணம் படித்த பிள்ளைகளுக்கு இது தானாக வரும்.

இதில் பெரிய வசதி எது என்றால், ஒரே முறை எழுதிவிட்டு ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனித் தாள் எடுக்கலாம் என்பதுதான். இசைஞானி இளையராஜா தம் கைப்பட எழுதிய சிம்பொனி 2025ஆம் ஆண்டு மார்ச் 8ஆம் நாள் லண்டனில் அரங்கேறியது நினைவிருக்கும். வாத்தியக் குழுவை நடத்துபவர் முன்னால் எல்லா வாத்தியங்களும் அடங்கிய பெரிய ஏடு இருக்கும். வயலின்காரர் முன்னால் வயலினுக்கு உரியது மட்டும் இருக்கும். முற்காலத்தில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே கையால் படியெடுக்கவே ஆட்கள் சம்பளத்துக்கு இருந்தார்கள். இன்று கணினி அதைக் கண்ணிமைக்கும் நேரத்தில் பிரித்துக் கொடுத்துவிடும்.

இந்த வசதியில்தான் நான் ஒருமுறை மாட்டிக்கொண்டேன். அதைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பேச்சு முழுமையாகாது.

எங்கள் தமிழ்ப்பள்ளியின் பரிசளிப்பு விழா. ரெக்கார்டர் ஊதும் பிள்ளைகள் எட்டுப் பேர், விசைப்பலகை வாசிக்க ஓர் ஆசிரியை, அவர்களோடு எங்கள் பள்ளியில் படித்து இடைநிலைப்பள்ளிக்குப் போய் அங்கே பேண்டு வாத்தியக் குழுவில் கிளாரினெட் பழகிய ஒரு பையன். அவன் தகப்பனார் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுபவர். மகன் மேடையில் வாசிக்கப் போகிறான் என்று அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு முன்வரிசையில் வந்து உட்கார்ந்துவிட்டார். நான் முந்திய நாள் இரவு பதினொரு மணிக்குத்தான் தாள்களை அச்சிட்டு முடித்தேன். ஒத்திகை பார்க்க நேரமில்லை.

பாட்டுத் தொடங்கியது. இரண்டாவது வரியில் கிளாரினெட் சேர வேண்டும். சேர்ந்தது. சேர்ந்தவுடன் சபையில் இருந்தவர்கள் எல்லாரும் முகத்தைச் சுளித்தார்கள். மற்றவர்கள் ஒரு சுருதியில் போக, அவன் ஒரு முழுச் சுரம் கீழே போய்க்கொண்டிருந்தான். பையன் தாளைப் பார்க்கிறான், விரலைப் பார்க்கிறான், மீண்டும் தாளைப் பார்க்கிறான். தாளில் உள்ளதைத்தான் வாசிக்கிறான். நான்கு வரி தாண்டியதும் வாத்தியத்தை மடியில் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். பாட்டு அவனில்லாமல் முடிந்தது. "சார், நல்லாத்தான் பழகினேன், என்னமோ தப்பாப் போச்சு" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டான். தகப்பனார் ஒன்றும் பேசவில்லை.

வீட்டுக்கு வந்து கணினியைத் திறந்து பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. தப்பு அவனுடையதில்லை, என்னுடையது.

கிளாரினெட்டின் பொதுவான வகை 'பி ஃபிளாட்' வகை. அதில் தாளில் 'சி' என்று எழுதியிருப்பதை வாசித்தால் வெளியே வருகிற ஓசை 'பி ஃபிளாட்', அதாவது ஒரு முழுச் சுரம் தாழ்ந்தது. ஆகவே அதற்கு எழுதும்போது ஒரு முழுச் சுரம் உயர்த்தி எழுத வேண்டும். விசைப்பலகைக்கு 'சி' என்று எழுதினால் கிளாரினெட்டுக்கு 'டி' என்று எழுத வேண்டும். டிரம்பெட் வாத்தியத்திலும் பெரும்பாலும் இதே கணக்குத்தான். கணினிக்கு இந்தக் கணக்குத் தெரியும். ஆனால் எழுதுகிறவருக்கு எளிதாக இருக்கட்டும் என்று, எல்லா வாத்தியங்களையும் காதில் கேட்கிற சுருதியிலேயே காட்டும் ஒரு பொத்தானும் அதில் உண்டு. 'கான்செர்ட் பிட்ச்' என்று பெயர் போட்டிருக்கும். அதை அமுக்கி வைத்துக்கொண்டு எழுதினேன். அச்சிடும் முன் எடுத்துவிட மறந்தேன். அவ்வளவுதான் நடந்தது. கணினியில் போட்டுக் கேட்டபோது சரியாகத்தான் பாடியது, ஏனென்றால் கணினி ஓசையைப் பாடுகிறது, தாளைப் பார்த்துப் பாடுவதில்லை.

மறுநாள் மாலை அந்தப் பையன் வீட்டுக்குப் போனேன். தகப்பனார் கைகால் கழுவிக்கொண்டிருந்தார். இருவரையும் உட்காரவைத்துத் தாளைக் காட்டி, இது என் தவறு என்று விளக்கினேன். திருத்திய தாளையும் கொடுத்தேன். பையன் உள்ளே போய் வாத்தியத்தை எடுத்து வந்து, நின்றபடியே முழுப் பாட்டையும் வாசித்துக் காட்டினான். தகப்பனார் கேட்டுவிட்டு, "வாத்தியாரே, இத மேடையில வாசிச்சிருக்கணும்" என்றார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. அன்று முதல் விழாவுக்கு மூன்று நாள் முன்னதாகத் தாள் கொடுக்காமல் நான் எந்தப் பிள்ளையையும் மேடையேற்றியதில்லை.

காதுக்குச் சரியாக இருந்து கண்ணுக்குத் தவறாக இருப்பது இன்னொன்றும் உண்டு. 'எஃப் ஷார்ப்' என்பதும் 'ஜி ஃபிளாட்' என்பதும் விசைப்பலகையில் ஒரே கட்டை. கணினி இரண்டில் எதை எழுதினாலும் ஓசை ஒன்றே. ஆனால் மேலே ஏறிப் போகும் பாட்டில் ஒரு பிள்ளை எதிர்பார்ப்பது ஒன்று, தாளில் இருப்பது வேறொன்று என்றால் விரல் தடுமாறும். ஆகையால் கணினி பாடிக் காட்டியது போதும் என்று இருந்துவிடாமல், அச்சிட்ட தாளை எழுதியவர் அல்லாத இன்னொருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்ல வேண்டும். எழுதியவர் கண்ணுக்குத் தம் தவறு தெரியவே தெரியாது.

அச்சிடும்போது கவனிக்க வேண்டியவற்றையும் சொல்லிவிடுகிறேன். தாள் அளவு முதலாவது. சில கணினிகளில் அமெரிக்க 'லெட்டர்' அளவு பதிந்திருக்கும். அது 216க்கு 279 மில்லிமீட்டர். நம் கடைகளில் கிடைக்கும் ஏ4 தாள் 210க்கு 297. மாற்றாமல் அச்சிட்டால் ஓரம் வெட்டுப்படும், அல்லது அச்சுப்பொறி தானாகவே சுருக்கிவிடும். 'தாளுக்கு ஏற்பச் சுருக்கு' என்ற கட்டளையை எடுத்துவிட்டு நூற்றுக்கு நூறு என்று வையுங்கள். ஐந்து கோடுகளின் மொத்த உயரம் 7 மில்லிமீட்டர் இருந்தால் பெரியவர்களுக்குப் போதும். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 8 மில்லிமீட்டர் வையுங்கள். ஒரே தாளை மூன்று பிள்ளைகள் பார்த்து ஊதுவதானால் அதற்கும் மேலே போகலாம். இடம் மிச்சம் பிடிக்கிறோம் என்று எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் நெருக்கினால், கெடுவது பிள்ளையின் கண்தான்.

பக்கம் புரட்டுவதும் ஒரு சங்கதி. இரண்டு கையும் குழலில் இருக்கும்போது பக்கத்தை யார் புரட்டுவது? வாத்தியம் ஓய்ந்திருக்கும் இடத்தில் பக்கம் முடியும்படி அமைக்க வேண்டும். முடியாவிட்டால் ஒரு பக்கம் மட்டும் அச்சிட்டு, இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் பசைநாடாவால் ஒட்டிவிடுங்கள். காற்றில் பறக்காமலிருக்கத் துணி உலர்த்தும் கிளிப்பு இரண்டு போதும்.

வீட்டில் அச்சுப்பொறி இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். பாட்டைப் பி.டி.எஃப். என்ற வடிவில் மாற்றிப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு நகல் கடைக்குப் போனால், ஒரு தாளுக்குச் சில காசில் வேலை முடிந்துவிடும். கடைக்காரர் கணினியில் இசை மென்பொருள் இருக்காது, இருக்கவும் தேவையில்லை. எழுத்துருக்கள் எல்லாம் அந்த வடிவத்துக்குள்ளேயே அடங்கிப் போய்விடும். முடிந்தால் லேசர் அச்சில் எடுங்கள். மை தெளிக்கும் அச்சில் எடுத்த தாள், கோவில் திருவிழாவில் ஒரு தூற்றல் விழுந்தால் சுரமெல்லாம் கரைந்து நீலக் குளமாகிவிடும். கண்டிருக்கிறேன்.

திரைப்படப் பாடல்களைப் பற்றி ஒரு வார்த்தை. அவற்றுக்கு உரிமையாளர் உண்டு. நம் நாட்டுச் சட்டப்படி ஒரு படைப்பாளர் காலமாகி 50 ஆண்டுகள் வரை அவருடைய படைப்புக்குப் பதிப்புரிமை உண்டு. அப்படிப்பட்ட பாட்டை அச்சிட்டு விற்க அனுமதி பெறவேண்டும். யார் இயற்றியது என்றே தெரியாத நம் தாலாட்டுக்கும் கும்மிக்கும் அந்தக் கட்டு இல்லை.

தாலாட்டு என்றதும் என் பாட்டுப் பெட்டியிலே உள்ள ஒரு தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் பழைய தோட்டத்தில் ஆயாக்கொட்டகையில் வேலை செய்த பாட்டி ஒருவர். பால்வெட்டுக்குப் போன தாய்மார்களின் பிள்ளைகளை எல்லாம் தொட்டிலில் போட்டு ஆட்டியவர். அவர் பாடிய தாலாட்டு வேறு யாரும் பாடி நான் கேட்டதில்லை. தோட்டத்தை விட்டு அவர் மகள் வீட்டுக்கு, பட்டணத்து அடுக்குமாடிக்குப் போய்விட்டார். அங்கே போய் அவரைப் பாடச் சொல்லிக் கைத்தொலைபேசியில் பதிவு செய்துகொண்டேன். பிறகு விசைப்பலகையில் அதைக் கேட்டுக் கேட்டு வாசித்து, மிடி வழியாகக் கணினியில் ஏற்றினேன். நொடியில் குறிப்பு வந்துவிட்டது. ஆனால் என்ன குறிப்பு! தாள் முழுவதும் எறும்பு ஊர்ந்தது போல் கறுத்துக் கிடந்தது. ஒரு தட்டை முப்பத்திரண்டாகப் பிளந்து, ஒன்றோடு ஒன்றை வளைகோட்டால் கட்டி, எந்தப் பிள்ளையும் படிக்க முடியாத ஒரு பக்கம்.

காரணம் இதுதான். கணினி கடிகாரம் போல் தட்டை எண்ணுகிறது. பாட்டி கடிகாரம் பார்த்துப் பாடவில்லை, தொட்டிலைப் பார்த்துப் பாடினார். தொட்டில் ஒரு பக்கம் போய்த் தயங்கித் திரும்பும். அந்தத் தயக்கத்தில் அவர் குரலும் தயங்கும். கணினி அந்தத் தயக்கத்தையும் அளந்து எழுதிவிட்டது. 'அரைத் தட்டுக்குக் கீழே பிரிக்காதே' என்று கட்டளையிட்டுப் பார்த்தேன். தாள் சுத்தமாயிற்று, பாட்டு மரக்கட்டை ஆயிற்று.

கடைசியில் மிடியை விட்டுவிட்டு, பதிவைக் கேட்டபடி ஒவ்வொரு சுரமாகக் கையால் இட்டேன். தாளக் குறியை மறைத்துவிட்டேன். அவர் நிற்கிற இடங்களில் நிறுத்தக் குறி போட்டேன். அது பிறைபோல் ஒரு வளைவும் நடுவே ஒரு புள்ளியும் உள்ள குறி. 'இங்கே விருப்பம்போல் நிற்கலாம்' என்று பொருள். சுரங்களுக்கு இடையே குரல் சறுக்கும் இடங்களில் சாய்கோடு இழுத்தேன். அப்போதும் முழுவதும் வரவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஐந்துகோட்டுக் குறிப்பில் ரயில் நிலையங்கள் தெரியும். பாதை முழுவதும் தெரியாது. ஆகவே தாளோடு பதிவையும் சேர்த்து வைக்க வேண்டும்.

தாளை அச்சிட்டுப் பாட்டியிடம் கொண்டு போனேன். எழுத்துக்கூடத் தெரியாதவர். தாளை வாங்கித் தடவிப் பார்த்துவிட்டு, "நான் மூச்சு வாங்குற எடத்தயும் எழுதிப்புட்டீங்களா?" என்று கேட்டார். இருக்கிறது என்று பிறைக் குறியைக் காட்டினேன். அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, ஓர் இடத்தில் நான் போட்டது அதிகம் என்றார். பாடிக் காட்டினார். அவர் சொன்னதுதான் சரி. அந்த ஒரு குறியை எடுத்துவிட்டு மறுபடி அச்சிட்டேன்.

பாதுகாப்பைப் பற்றியும் இதே இடத்தில் சொல்லிவிடுகிறேன். நான் முன்னொரு காலத்தில் வேறொரு மென்பொருளில் எழுதி வைத்த பாட்டுகள் இருபதுக்கு மேல். அந்த மென்பொருள் புதுக் கணினியில் ஓடவில்லை. கோப்புகள் பத்திரமாக இருக்கின்றன, திறக்கத்தான் முடியவில்லை. பூட்டு இருக்கிறது, சாவி இல்லை. அச்சிட்டு வைத்திருந்த ஏழு பாட்டு மட்டும் பிழைத்தது. உலகம் முழுவதும் பேர்போன ஃபினாலேகூட, 35 ஆண்டு ஓடிய பிறகு, இனி வளர்க்கப் போவதில்லை என்று 2024ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் அறிவிக்கப்பட்டது. ஆகவே எந்த மென்பொருளில் எழுதினாலும் மூன்று விதமாகச் சேமியுங்கள். அந்த மென்பொருளுக்கே உரிய வடிவில் ஒன்று. மியூசிக் எக்ஸ்.எம்.எல். என்ற பொது வடிவில் ஒன்று, அதைப் பெரும்பாலான இசை மென்பொருள்கள் படிக்கும். பி.டி.எஃப். வடிவில் ஒன்று. நான்காவதாகத் தாளிலும் அச்சிட்டு, கரையான் எட்டாத இடத்தில் பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள்.

தாளின் தலைப்பிலே பாட்டின் பெயரை மட்டும் போட்டு விட்டுவிடாதீர்கள். யார் பாடியது, எந்தத் தோட்டம், எத்தனையாவது டிவிஷன், எப்போது கேட்டு எழுதியது, பாடியவர் யாரிடம் கற்றது ஆகியவற்றைச் சின்ன எழுத்தில் கீழே எழுதுங்கள். பாட்டியின் தாளில் நான் அப்படித்தான் எழுதினேன். அவர் அதைத் தம் தாயாரிடம் கற்றதாகவும், தாயார் கப்பலில் வரும்போதே அதைப் பாடிக்கொண்டு வந்ததாகவும் சொன்னார். அந்த ஒரு வரியையும் சேர்த்து இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை அவர் மகளிடமும் ஒன்றைப் பள்ளி நூலகத்திலும் கொடுத்திருக்கிறேன். சென்ற ஆண்டு ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் மூவர் அதை ரெக்கார்டரில் பழகினார்கள். பிறைக் குறி வரும் இடத்தில் மூவரும் மூன்று விதமாக நிற்கிறார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு சேர்ந்து தொடங்கச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.